லத்தீன் வாத்தியாரும் இந்திய மாணவரும்

1906-ம் ஆண்டு. லண்டனுக்குச் சற்றுத் தொலைவில் வெய்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டில் தாயும் மகனும் குடியிருந்தார்கள். மகனுக்கு வயது 27. கல்யாணம் ஆகவில்லை. நிலையான உத்தியோகமும் கிடையாது. ஒரே ஒரு நாவல் எழுதி வெளியிட்டிருந்தார். கூச்ச சுபாவம் உள்ளவர்.

அந்த வீட்டுக்கு ஓர் இந்திய வாலிபர் லத்தீன் பாடம் படிக்க வந்தார். வயது 17. நல்ல உயரம். கம்பீரமான தோற்றம். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சேர வேண்டுமானால் அந்தக் காலத்தில் லத்தீன் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த டியூஷன்.

பாடம் ஒழுங்காக நடக்கவில்லை. மாணவருக்கு அலுப்புத் தட்டினால் வாத்தியாரை அப்படியே தூக்கிக் கிச்சுக்கிச்சு மூட்டி விடுவார்! வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை. அவரை அதுவரை யாரும் அப்படி உரிமையோடு தொட்டு விளையாடியதில்லை.

அந்த வாத்தியார்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் இ.எம். பார்ஸ்டர். மாணவர், அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமது கானின் பேரன் சையத் ராஸ் மசூத். இவர்களுடைய சிநேகத்தில் முளைத்ததுதான் 'ஏ பாசேஜ் டு இந்தியா' என்னும் நாவல். 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' என்று தமிழில் சொல்லலாம்.

ஆளுகிற இனத்தில் பிறந்தவனும், ஆளப்படுகிற இனத்தில் பிறந்தவனும் மனம் கலந்து பழக முடியுமா? நாவல் கேட்கிற கேள்வி இது. எழுதியவரின் வாழ்க்கையிலும் இதே கேள்விதான் நின்றது.

பெயர் மாறிய குழந்தை

பார்ஸ்டர் 1879-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி லண்டனில் பிறந்தார். பெற்றோர் அவருக்குத் தேர்ந்தெடுத்த பெயர் ஹென்றி மார்கன். சர்க்கார் பதிவிலும் அதுவே எழுதப்பட்டது. ஞானஸ்நானத்துக்குக் கொண்டு போன இடத்தில், பெயர் என்ன என்று கோவில் பணியாள் கேட்டார். தகப்பனார் ஏதோ நினைவில் தம்முடைய பெயரைச் சொல்லி விட்டார். குழந்தை எட்வர்டு மார்கன் ஆகி விட்டது! தகப்பனார் கட்டடக்கலை நிபுணர். குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் காச நோயால் இறந்து போனார். மகனுக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அந்தப் பெயர்தான்.

அதன் பிறகு தாய் லில்லியின் வளர்ப்பு. வீட்டில் எப்போதும் பெண்கள். ஒற்றைப் பிள்ளை. பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். தகப்பனார் வழியில் மரியான் தார்ன்டன் என்று ஒரு மூதாட்டி இருந்தார். 1887-ல் அவர் இறந்தபோது பையனுக்கு 8,000 பவுன் எழுதி வைத்தார். அன்றைக்கு அது பெரிய ஆஸ்தி. படிப்புக்கும், பிறகு வேலை தேடி அலையாமல் எழுதுவதற்கும் அந்தப் பணம் கைகொடுத்தது.

டான்பிரிட்ஜ் என்ற ஊரில் பள்ளிக்கூடம். மற்றப் பையன்கள் அவரைப் படாத பாடு படுத்தினார்கள். பலசாலிகள் எளியவனை மட்டம் தட்டும் குணத்தை அங்கேதான் அவர் முதலில் பார்த்தார். பின்னாளில் இந்தியாவில் வெள்ளை அதிகாரிகளைப் பார்த்தபோது அது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. 1897-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள்.

1905 முதல் 1910 வரை நான்கு நாவல்கள் வெளிவந்தன. நான்காவது நாவலான 'ஹவார்ட்ஸ் எண்ட்' அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. எல்லாம் இங்கிலாந்தையும் இத்தாலியையும் பற்றியவை. இந்தியாவைப் பற்றி அவருக்கு அப்போது அதிகம் தெரியாது. தெரிய வைத்தவர் மசூத்.

ரெயில் பெட்டியில்

மசூத் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை அல்ல. பாட்டனார் 1875-ல் அலிகாரில் தொடங்கிய கல்விக்கூடம்தான் 1920-ல் முஸ்லிம் சர்வகலாசாலை ஆயிற்று. தந்தை சையத் மகமூத், அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். தந்தை இறந்த பிறகு, அலிகார் கல்லூரியின் முன்னாள் தலைவரான தியோடர் மாரிசன் என்ற ஆங்கிலேயர் மசூதுக்குப் பாதுகாவலர் ஆனார். மாரிசனும் பார்ஸ்டர் குடும்பமும் ஒரே ஊர்க்காரர்கள். டியூஷன் அப்படித்தான் அமைந்தது.

மசூத் எந்த வெள்ளைக்காரனுக்கும் தலை குனியாதவர். இதற்கு ஒரு கதை சொல்வார்கள். பார்ஸ்டரே அதை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு முறை இந்தியாவில் ரெயில் பெட்டியில் மசூத் காலை நீட்டிப் படுத்திருந்தார். பெட்டியில் வேறு யாரும் இல்லை. ஒரு வெள்ளை ராணுவ அதிகாரி உள்ளே நுழைந்தார். எழுந்து வெளியே போகும்படி அதட்டினார். மசூத் எழுந்திருக்கவில்லை. மண்டை உடைய வேண்டுமா என்று மட்டும் அமைதியாகக் கேட்டார். அதிகாரி திகைத்துப் போனார். இப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் பேசி விட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு இருவரும் நல்ல நண்பர்களாகி விட்டார்களாம்!

கேட்பதற்கு வேடிக்கைதான். ஆனால் மசூதுக்குப் பெரிய குடும்பமும், இங்கிலீஷ் படிப்பும், வாட்டசாட்டமான உடம்பும் இருந்தன. அவை இல்லாத இந்தியர்கள் அந்த நாளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கத்தான் வேண்டியிருந்தது.

பார்ஸ்டர் மசூதை மிகவும் நேசித்தார். அது நட்பைக் கடந்த நேசம். ஆண்களை விரும்பும் இயல்பு அவருக்கு இருந்தது. இங்கிலாந்தில் அது அப்போது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் 1967-ல்தான் மாறியது. தம் மனத்தை அவர் மசூதிடம் சொன்னார். மசூதினால் அதே விதமாக நேசிக்க இயலவில்லை. ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை. பழகுவதை நிறுத்தவும் இல்லை. பின்னாளில் மசூதுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிள்ளைகள் பிறந்தார்கள். சிநேகம் குறையவில்லை. பார்ஸ்டர் கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை.

பம்பாயில் இறங்கினார்

மசூத் ஆக்ஸ்போர்டு படிப்பை முடித்துப் பாரிஸ்டர் ஆகி, 1912-ல் இந்தியா திரும்பினார். அதே ஆண்டில் பார்ஸ்டரும் கப்பல் ஏறினார். அக்டோபர் 22-ந் தேதி பம்பாயில் இறங்கினார். நேரே ரெயில் ஏறி அலிகாருக்குப் போய் நண்பரைப் பார்த்தார்.

வந்த வெள்ளைக்காரர்கள் பலர் அன்று இந்தியாவை எப்படிப் பார்த்தார்கள்? பங்களா, கிளப், வேட்டை, மறுபடியும் கிளப். இந்தியர்களுக்கு அந்தக் கிளப்புகளில் இடம் இல்லை. கதவைத் திறந்து விடவும் தட்டை ஏந்தி வரவும் மட்டுமே இந்தியன் உள்ளே போகலாம். பார்ஸ்டர் வழி வேறு. அவர் மசூதின் சிநேகிதர்கள் வீடுகளில் தங்கினார். அவர்களோடு சாப்பிட்டார். இரவெல்லாம் அவர்கள் உருதுக் கவிதை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். டில்லி, லாகூர், பெஷாவர், காசி என்று ஊர் ஊராகச் சுற்றினார்.

1913 ஜனவரியில் பாட்னாவை அடுத்த பாங்கிப்பூருக்குப் போனார். மசூத் அங்கே வக்கீல் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். சில நாட்கள் சேர்ந்திருந்தார்கள். பிரிகிற நேரம் வந்தபோது இருவருக்கும் துக்கம். அந்தத் துக்கத்தோடு பார்ஸ்டர் பராபர் குகைகளைப் பார்க்கப் போனார்.

கயை நகரத்துக்கு வடக்கே சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளவை அந்தக் குகைகள். அசோகர் காலத்தில் கருங்கல் பாறையைக் குடைந்து செய்தவை. ஆசீவகத் துறவிகளுக்காக அசோகர் கொடுத்த தானம் அது. ஆசீவக மதத்தைப் பற்றி நம்முடைய மணிமேகலையும் பேசுகிறது. குகைச் சுவர்களைக் கண்ணாடி போல இழைத்திருக்கிறார்கள். உள்ளே தீக்குச்சி கிழித்தால் சுவருக்குள்ளிருந்து இன்னொரு சுடர் எழுவது போல் இருக்கும். சத்தம் போட்டால் எதிரொலி சுற்றிச் சுற்றி வரும்.

பார்ஸ்டரின் மனத்தில் அந்த எதிரொலி தங்கி விட்டது. நாவலில் பராபர் 'மராபார்' ஆயிற்று. பாங்கிப்பூர் 'சந்திராபூர்' ஆயிற்று.

எழுத முடியவில்லை

இங்கிலாந்து திரும்பியதும் நாவலைத் தொடங்கினார். சில அத்தியாயங்களோடு பேனா நின்று விட்டது. கதை எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குள் முதல் உலகப் போர் வந்தது. சண்டை போட அவருக்கு மனம் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, 1915-ல் எகிப்தில் உள்ள அலெக்சாந்திரியாவுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் காயம் பட்டுக் கிடந்த சிப்பாய்களிடம், காணாமற்போன சிப்பாய்களைப் பற்றி விசாரித்து எழுதுவது அவர் வேலை. கட்டிலுக்குக் கட்டில் போய்க் கேட்க வேண்டும். ஊரில் தகவலுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு அதிலிருந்துதான் சேதி போகும்.

அங்கே முகமது எல் அதல் என்ற டிராம் வண்டிக் கண்டக்டரோடு நெருங்கிய நேசம் ஏற்பட்டது. 1919-ல் எகிப்து மக்கள் வெள்ளை ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது, துப்பாக்கி வாங்க முயன்றதாக எல் அதல் மீது குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள். 1922-ல் அவர் காச நோயால் இறந்தார்.

அதே 1919-ல்தான், ஏப்ரல் 13-ந் தேதி, அமிர்தசரசில் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்தது. சர்க்கார் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள். மக்கள் சொன்ன கணக்கு அதை விட மிக அதிகம். அந்த ஊரில் ஒரு சந்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைச் சிலர் தாக்கினார்கள் என்பதற்காக, அந்தச் சந்தில் போகும் இந்தியர்கள் எல்லோரும் தரையில் தவழ்ந்து போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பல்லாண்டு பழகியவர்களும் இதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்ப்பது கடினமாயிற்று.

மகாராஜாவின் காரியதரிசி

1921-ல் பார்ஸ்டர் மறுபடியும் இந்தியா வந்தார். மத்திய இந்தியாவில் தேவாஸ் என்ற சிறிய சமஸ்தானம். ஊர் ஒன்று, ராஜாக்கள் இரண்டு பேர்! அண்ணன் வாரிசு ஒரு ராஜா, தம்பி வாரிசு ஒரு ராஜா. தெருவில் ஒரு பக்கம் ஒருவர் ஆட்சி, மறு பக்கம் மற்றவர் ஆட்சி. மூத்த கிளையின் மகாராஜா மூன்றாம் துகோஜி ராவுக்குப் பார்ஸ்டர் அந்தரங்கக் காரியதரிசி ஆனார்.

தோட்டம், மோட்டார் கார்கள், மின்சார நிலையம் எல்லாம் இவர் பொறுப்பு. இவருக்கோ ஒன்றும் தெரியாது. அரண்மனையில் ஒரு பக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. கணக்கு வழக்கில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் மகாராஜா அன்பானவர், பக்திமான். ஆகஸ்டு மாதத்தில் கோகுலாஷ்டமி வந்தது. எட்டு நாள் திருவிழா. காரியதரிசியும் இந்திய உடை உடுத்தி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பஜனைக் கூட்டத்தோடு நின்றார். அந்தக் காட்சிதான் நாவலின் மூன்றாம் பாகம்.

பாதியில் நின்ற அத்தியாயங்களை அவர் கையோடு கொண்டு வந்திருந்தார். எழுதியதையும் கண்ணெதிரே இருந்த இந்தியாவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எழுதியது வாடிப் போய்த் தெரிந்தது. மூட்டை கட்டி விட்டார். ஐதராபாத்தில் மசூதோடு சில வாரம் தங்கினார். மசூத் அப்போது நிஜாம் சமஸ்தானத்தில் கல்வி இலாகாத் தலைவர். 1922-ல் ஊர் திரும்பிய பிறகு, நண்பர் லியோனார்டு உல்ப் ஊக்கப்படுத்தியதால் மறுபடி பேனாவை எடுத்தார்.

அந்த ஆண்டில் மசூதுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். ஆரம்பத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் பாலம் போடுவதாக எண்ணித்தான் இதை எழுதத் தொடங்கினாராம். அந்த எண்ணம் இப்போது போய் விட்டதாம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அப்படி இனிப்பாகச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தோன்றி விட்டது. நாவல் இவ்வளவு ஆண்டுகள் நிலைத்து நிற்பதற்கு இந்த மனமாற்றம்தான் காரணம் என்று சொல்லலாம்.

குகைக்குள் என்ன நடந்தது?

கதை இதுதான்.

டாக்டர் அஜீஸ் ஒரு முஸ்லிம். மனைவியை இழந்தவர். எளிதில் உருகுகிறவர், எளிதில் புண்படுகிறவர். ஒரு நாள் இரவு மசூதியில் திருமதி மூர் என்ற ஆங்கிலேய மூதாட்டியைச் சந்திக்கிறார். முதலில் அதட்டுகிறார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் மனம் இளகி விடுகிறார். அந்த அம்மாளின் மகன் ரோனி அந்த ஊர் மாஜிஸ்ட்ரேட்டு. ரோனியை மணக்க நினைத்து, அடேலா என்ற பெண்ணும் உடன் வந்திருக்கிறாள்.

சர்க்கார் கல்லூரித் தலைவர் பீல்டிங், அஜீசை மனிதனாக மதித்துப் பழகும் ஆங்கிலேயர். அஜீஸ் எல்லோரையும் மராபார் குகைகளுக்கு விருந்தாளிகளாக அழைத்துப் போகிறார். கையில் இருக்கும் பணத்தையெல்லாம் கொட்டி ஏற்பாடு செய்கிறார். விருந்து விபரீதமாகிறது. குகையிலிருந்து அடேலா அலறி ஓடுகிறாள். அஜீஸ் தன்னிடம் தகாத முறையில் நடந்ததாகப் புகார் சொல்கிறாள். அஜீஸ் கைதாகிறார்.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரு பக்கம் திரள்கிறார்கள். கலெக்டரின் மனைவி, வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டால் இந்தியர்கள் தவழ்ந்து போக வேண்டும் என்று கூடச் சொல்கிறாள். அமிர்தசரஸ் உத்தரவை நினைத்துத்தான் பார்ஸ்டர் அதை எழுதினார் என்பதில் சந்தேகம் இல்லை. பீல்டிங் மட்டும் அஜீஸ் குற்றமற்றவர் என்கிறார். கிளப்பிலிருந்து விலகுகிறார். திருமதி மூர் கப்பலில் திரும்பும் வழியில் இறந்து போகிறாள்.

நீதிமன்றத்தில் அடேலா கூண்டில் நிற்கிறாள். கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று தான் நினைத்தது தவறு என்று சொல்லிப் புகாரை வாபஸ் வாங்குகிறாள்! அஜீஸ் விடுதலை.

அப்படியானால் குகைக்குள் என்னதான் நடந்தது? நாவல் சொல்லவில்லை. பார்ஸ்டரிடம் கேட்டவர்களுக்கு, தமக்கே தெரியாது என்றுதான் அவர் பதில் சொன்னார். அவருடைய பழைய கையெழுத்துப் பிரதியில் குகைக்குள் யாரோ ஒருவன் அவளைத் தாக்கும் காட்சி இருந்தது. அதை அவரே எடுத்து விட்டார். எடுத்தது நல்லதாயிற்று.

வழக்கு முடிந்தும் மனம் ஆறவில்லை. அஜீஸ் வெள்ளையரை வெறுக்கிறார். பீல்டிங் அடேலாவுக்கு இரக்கம் காட்டியதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார். சில ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்து சமஸ்தானத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். சமாதானம் ஆகிறது. சேர்ந்து குதிரைச் சவாரி போகிறார்கள். இருவருக்கும் நண்பர்களாக இருக்கத்தான் ஆசை. ஆனால் குதிரைகள் விலகி ஓடுகின்றன. பாறைகள் குறுக்கே வருகின்றன. மண்ணும் வானமும் கூட இப்போது வேண்டாம் என்று சொல்வது போல் கதை முடிகிறது.

வெளிவந்த பிறகு

1924-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி நாவல் வெளியாயிற்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நன்றாக விற்றது. பரிசுகள் கிடைத்தன. இந்தியாவில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்கள் பலருக்கு ஆத்திரம். எங்களை இப்படிக் கேலிச்சித்திரமாக்கி விட்டாரே என்றார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் மாதிரிதான் கதையில் வருகிறார்கள். ஏழை எளிய இந்தியர்களும் கதையில் அதிகம் இல்லை. நீதிமன்றத்தில் பங்கா இழுக்கிற ஒருவன் வருகிறான். அவனுக்குப் பேச்சு கிடையாது. ஆனாலும் மறக்க முடியாதவன் அவன்.

அதன் பிறகு பார்ஸ்டர் 46 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். வேறு நாவல் வெளியிடவில்லை. ஆண் ஒருவனை ஆண் நேசிக்கும் 'மாரிஸ்' என்ற நாவலை 1914-லேயே எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார். அது அவர் இறந்த பிறகு 1971-ல்தான் வந்தது. ஆனால் பிறருக்கு உதவினார். முல்க்ராஜ் ஆனந்த் எழுதிய 'தீண்டத்தகாதவன்' நாவலைப் பல பிரசுரக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பார்ஸ்டர் முன்னுரை எழுதிக் கொடுத்தார். 1935-ல் அது வெளிவந்தது.

1937-ம் ஆண்டு அவருக்குப் பொல்லாத ஆண்டு. ஜூலை 30-ந் தேதி மசூத் போபாலில் இறந்தார். வயது 48. அலிகார் துணைவேந்தராக இருந்துவிட்டுப் போபால் சமஸ்தானத்துக்குப் போயிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தேவாஸ் மகாராஜாவும் இறந்தார். எங்கே தெரியுமா? நம் புதுச்சேரியில்! கடன் தொல்லை, மகனோடு மனஸ்தாபம், பிரிட்டிஷ் சர்க்காரின் விசாரணை எல்லாம் சேர்ந்து நெருக்கியபோது, 1933-ல் அவர் பிரெஞ்சு மண்ணான புதுச்சேரிக்கு வந்து ஒதுங்கியிருந்தார். நாட்டைத் திரும்பிப் பார்க்காமலே கண்ணை மூடினார்.

மசூதைப் பற்றி ஓர் உருதுப் பத்திரிகைக்குப் பார்ஸ்டர் அஞ்சலி எழுதினார். மசூத் இல்லாவிட்டால் தாம் இந்தியாவுக்கே போயிருக்க முடியாது, நாவலும் இல்லை என்று அதில் சொன்னார்.

1945-ல் ஜெய்ப்பூரில் நடந்த எழுத்தாளர் மாநாட்டுக்காக மூன்றாம் முறையாக இந்தியா வந்தார். வயது 66. எங்கு போனாலும் வரவேற்பு. பேச்செல்லாம் சுதந்திரத்தைப் பற்றி. அழைத்துப் போய்க் காட்ட மசூத் இல்லை.

1949-ல் சர் பட்டம் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்று மறுத்தார். கிங்ஸ் கல்லூரியிலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். 1960-ல் நாவலின் கையெழுத்துப் பிரதியை லண்டன் நூலகத்தின் உதவிக்காக ஏலம் விடக் கொடுத்தார். 6,500 பவுனுக்குப் போயிற்று. அதே ஆண்டு நாவல் நாடகமாக மேடை ஏறியது. நாடகமாக்கியவர் சாந்தா ராமாராவ். சென்னையில் பிறந்தவர். சினிமாவாக்க மட்டும் பார்ஸ்டர் இருந்தவரை சம்மதிக்கவில்லை. 1984-ல் டேவிட் லீன் எடுத்த படத்தில், மராபார் குகைக்குப் போகும் ரெயிலாக நீலகிரி மலை ரெயிலைப் பார்க்கலாம்.

1970-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, கவன்ட்ரி நகரில் நண்பர் ஒருவர் வீட்டில் பார்ஸ்டர் காலமானார். வயது 91. அந்த நண்பர் போலீஸ்காரராக இருந்தவர்.

நாவலைத் திறந்தால் முன்பக்கத்தில் காணிக்கை இருக்கிறது. சையத் ராஸ் மசூதுக்கும், தங்களுடைய 17 ஆண்டு நட்புக்கும் என்று பார்ஸ்டர் எழுதியிருக்கிறார். அது 1924-ல் போட்ட கணக்கு. அதற்குப் பிறகும் 13 ஆண்டுகள், மசூத் இறக்கும் வரை, அவர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள்.